பெயரின் மேல் விழுந்த கோடு

பதினைந்து நிமிட இடைவேளையில் இரண்டு நிமிடம் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றதிலேயே போய்விட்டது. இனிப் பதின்மூன்று. சுவர்க் கடிகாரத்தில் சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஏறுகிற எண்ணை யாராவது இந்தக் கட்டடத்தில் எங்கேயாவது மாட்டிவைத்திருக்கிறார்களா என்றால் இல்லை, எல்லாம் இறங்குகிற எண்கள், ஆறு வயதிலிருந்து இந்த நாற்பத்தாறு வயது வரைக்கும் தயாபரன் அண்ணாந்து பார்த்ததெல்லாம் இறங்குகிற எண்கள்தான். கதவுக்கு அந்தப் பக்கம் அவனுடைய ஆட்டக்காரர்கள் பத்தொன்பது பேர் தண்ணீர் குடித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் இருப்பார்கள். இருபதாவது ஆளாக லுக் பெரோ இருப்பான். அவன் வியர்த்திருக்க மாட்டான். ஐஸ் ஹொக்கியில் முதற்பகுதி முடிந்த பிறகும் வியர்க்காமல் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்ப்பது குளிப்பாட்டாத பிணத்தைப் பார்ப்பது மாதிரி, பக்கத்தில் இருக்கிறவர்கள் கண்ணைத் திருப்பிக்கொள்வார்கள். அப்படி அவனை உட்காரவைத்தது தான்தான் என்பது தயாபரனின் தொண்டையில் மீன்முள்ளாக நின்றது, சோற்றுருண்டை விழுங்கினாலும் இறங்காத முள். உள்ளே போக வேண்டும். பயிற்றுநர் என்றால் இடைவேளையில் உள்ளே போய் ஏதாவது பேச வேண்டும். இரண்டு கோலுக்கு ஒன்று என்று பின்னால் நிற்கிறோம், இடப்பக்கத்தால் வந்து துளைக்கிறார்கள், அதைப் பேசலாம், அதைப் பேசிவிட்டு லுக்கைப் பார்க்காமலே வெளியே வந்துவிடலாம். முடியுமா? இருபது பேர் இருக்கிற அறையில் ஒருவனை மட்டும் பார்க்காமல் இருக்கிறதென்றால் அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பதாகத்தான் அர்த்தம். மேலே கூரைக்குழாயிலிருந்து சொட்டு விழுந்தது. நான்கு வருடமாக அதே இடத்தில் விழுகிறது, நான்கு வருடமாக அதே இடத்தில் அவன் நிற்கிறான், ஒரு நாளாவது ஒரு அடி தள்ளி நிற்கத் தோன்றியதா.

நடந்தது இவ்வளவுதான், யாரிடம் சொன்னாலும் இவ்வளவுதானா என்று கேட்பார்கள், அதுதான் இன்னும் எரிச்சல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் ஒரு தாள் வரும். அணியில் இருக்கிற இருபத்தொரு பேரின் பெயரும் இலக்க வரிசையில் அதில் இருக்கும். ஆடக்கூடியது இருபது பேர். மிஞ்சுகிற ஒருவனின் பெயருக்கு மேலே பயிற்றுநர் பேனாவால் ஒரு கோடு போட்டு, கீழே கையெழுத்து வைக்க வேண்டும். ஆட்டம் தொடங்குகிற நொடிவரைக்கும் அதைத் திருத்தலாம், தொடங்கிய பிறகு கடவுளே வந்து கேட்டாலும் திருத்த முடியாது, கோடு விழுந்தவன் ஆடமுடியாது. இன்றைக்கு மிஞ்சியது இருபத்தைந்தாம் இலக்கம், பீட்டர்சன், கணுக்கால் பலாக்காய் மாதிரி வீங்கி மேலே பார்வையாளர்களோடு உட்கார்ந்து சோளப்பொரி தின்றுகொண்டிருக்கிறான். கோடு விழுந்தது இருபத்துநான்கில். லுக் பெரோவின் மேல். இந்த ஏரிக்கரை நகரத்து அணிக்காகப் பதினொரு வருடம் ஆடிய லுக், தடுப்பாட்டக்காரன், முன்பல் நான்கும் இல்லாதவன், இன்றோடு போதும் என்று சொல்லிவிட்டவன். இன்றைக்கு ஆடியிருந்தால் ஐந்நூறாவது ஆட்டம். பருவத்தின் கடைசி ஆட்டமும் இதுதான். பிற்பகல் இரண்டு மணிக்குப் பனித்தளத்தின் நடுவில் சிவப்புக் கம்பளம் விரித்து, அவன் மனைவியையும் மூன்று பெண்பிள்ளைகளையும் வடக்கே சுரங்க ஊரிலிருந்து ஒன்பது மணி நேரம் பயணப்பட்டு வந்த அவன் தகப்பனையும் நிற்கவைத்து, ஐந்நூறு என்று செதுக்கிய ஒரு மரத்துடுப்பை நினைவுப்பரிசாகக் கொடுத்தார்கள். கொடுத்தது தயாபரன். தன் கையால்தான் கொடுத்தான். அந்தக் கைக்கு அப்போது ஒன்றும் தெரியாத மாதிரிதான் இருந்தது. எதிரணிப் பயிற்றுநர் மர்ரேயிடம் தாளின் பிரதி இருந்தது, அவன் அதைப் பார்த்திருக்கிறான், பார்த்துவிட்டு மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு துடுப்புக்குக் கை தட்டியிருக்கிறான். இரண்டாவது நிமிடத்தில் லுக் தளத்தில் இறங்கியதும் நடுவரைக் கூப்பிட்டுத் தாளை விரித்தான். எல்லாம் விதிப்படி. தயாபரனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான், அதனால் மர்ரேயைத் திட்டுகிற சுகம்கூட இல்லை. நடுவர் லுக்கின் முழங்கையைத் தொட்டு ஏதோ சொன்னார். அவன் தலையாட்டினான். நாலாயிரம் பேர் ஏன் என்று தெரியாமல் முதலில் கை தட்டினார்கள், பிறகு முணுமுணுத்தார்கள். ஆட்டக் கணக்கு எழுதுகிற புள்ளிக்காரனின் புத்தகத்தில் அவனுக்கு நானூற்றுத் தொண்ணூற்றொன்பதுதான். இனி எப்போதும் அதுதான்.

கை தவறிவிட்டது. இதைத்தானே சொல்ல வேண்டும், இரண்டே சொல், இதற்கென்ன இவ்வளவு நேரம். இருபத்துநான்கும் இருபத்தைந்தும் அடுத்தடுத்த வரிகள், எழுத்தும் கடுகு மாதிரி, மூக்குக்கண்ணாடி அலுவலக மேசையில். அந்த நேரத்தில்தான் அக்காவின் போன் வந்தது. ரொறன்ரோவிலிருந்து வந்துகொண்டிருந்தாள், வாகனம் நிறுத்துகிற இடம் தெரியவில்லை. வலப்பக்கம் வா அக்கா, பச்சைப் பலகை ஒண்டு இருக்கும். பச்சைப் பலகை ரெண்டு கிடக்குதடா. சின்னனுக்குப் பக்கத்தால வா. பனி மூடிக் கிடக்கிற பலகையில எது சின்னன் எது பெரிசெண்டு எனக்கென்ன சாத்திரமே தெரியும். அவன் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, பேனாவை எடுத்து, கோட்டை இழுத்து, கையெழுத்து வைத்து, தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டான். எவ்வளவு நல்ல காரணம். போன், கண்ணாடி, கடுகெழுத்து, பச்சைப் பலகை. காரணம் ஒன்றாக இருந்தால் அவனே நம்பியிருப்பான், நான்கு இருப்பதுதான் பிசகு. ஏனென்றால் கோடு இழுத்தபோது பேனா எங்கே நின்றது என்பது அவனுக்கு நினைவிருக்கிறது. நினைவிருக்கிறதா? பெரோ என்ற பெயரில் முதலெழுத்துக்கு முன்னால் பேனாமுனை ஒரு கணம் நின்றது, ஒரு புள்ளி மை ஊறியது, பிறகுதான் நகர்ந்தது. அப்படி நின்றதா, அல்லது இந்த நடைபாதையில் நின்றுகொண்டு அவன் அதை இப்போது நிற்கவைக்கிறானா? தாள் புள்ளிக்காரனின் மேசையில் இருக்கிறது. போய்ப் பார்த்தால் அந்தப் புள்ளி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். புள்ளி இருந்தால் மட்டும் என்ன, பேனா நின்றது தெரியும், ஏன் நின்றது என்று மை சொல்லுமா. போன கிழமை அணியின் மேலாளர் ஹார்வி சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டான், அடுத்த வருடம் லுக்குக்கு உன் பக்கத்தில் ஒரு கதிரை போடலாமா, பையன்கள் அவன் சொன்னால் கேட்கிறார்கள் என்று. போடலாமே என்றான் இவன். போடலாமே. சொல்லும்போது வாய்க்குள் பாகற்காய்ச் சாறு ஊறியதை ஹார்வி பார்த்திருக்க முடியாது. ஊர் கூடிக் கம்பளம் விரிக்கிற ஒருவனைப் பார்த்து இன்னொருவனுக்குக் கொஞ்சம் கசக்கிறது, அதற்காக அந்தக் கசப்பு இறங்கித் தோள், முழங்கை, மணிக்கட்டு என்று வழி விசாரித்துக்கொண்டு பேனாவரைக்கும் வருமா. வராது. வராது என்று எந்த வைத்தியன் எழுதிக் கொடுப்பான்.

பத்து நிமிடம் நாற்பது நொடி. பனி செப்பனிடும் வண்டி உறுமிக்கொண்டு தளத்தைச் சுற்றுகிற சத்தம் காலுக்கடியில் அதிர்ந்தது, அதற்கு மேலே யாரோ ஒரு குண்டு மண்டையன் பாட்டைச் சத்தமாகப் போட்டுவிட்டான். சுவிங்கத்தை மென்றுகொண்டு ஹார்வி வந்தான். மனிதன் அழுதாலும் மெல்லுவான், தாயைப் புதைத்த அன்றும் மென்றுகொண்டுதான் இருந்தான். "கேள், நான் எல்லாம் சரிபண்ணிவிட்டேன்," என்றான். "அலுவலகத்தில் அச்சுப்பிழை. டோரீன் பெயர்களை மாற்றி அடித்துவிட்டாள். மூன்றாம் பகுதிக்கு முன்னால் ஒலிபெருக்கியில் வருத்தம் தெரிவித்துவிடுவோம்." டோரீன் என்றால் இருபத்திரண்டு வருடமாக அந்தத் தாள்களைத் தட்டச்சு செய்கிறவள், கிறிஸ்மஸுக்கு எல்லாருக்கும் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுப்பவள். "டோரீன் ஒன்றும் செய்யவில்லையே," என்றான் தயாபரன். "அவளுக்குத் தெரியும். நான் கேட்டுவிட்டேன். சரி என்கிறாள். அவளுக்கு என்ன போகிறது? ஆனால் உனக்கு, பையன்கள் உன்னை நம்பாமல் போனால் அடுத்த வருடம் எப்படி நடத்துவாய்? கோட்டை நீ போட்டாய் என்று ஒருவன் அறிந்தால், பெஞ்சில் உட்காரவைக்கிற ஒவ்வொருவனும் உன் கையைப் பார்ப்பான்." மென்றான். "லுக்கிடமும் அதையே சொல்." "லுக் என்ன சொன்னான்?" "ஒன்றும் சொல்லவில்லை. சறுக்குச் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே இருக்கிறான்." ஹார்வி அவன் தோளில் தட்டிவிட்டுப் போனான். தோளில் தட்டாதே என்று கத்த வேண்டும் போல இருந்தது. தோளில் தட்டுவது என்றால் என்னவென்று தெரியாதவர்கள் தோளில் தட்டக்கூடாது.

இந்த ஆட்டத்தில் நாற்பது நொடிக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். பயிற்றுநர் பெஞ்சுக்குப் பின்னால் நின்றுகொண்டு யாருடைய தோளில் தட்டுகிறாரோ அவன் மரவேலியைத் தாண்டிக் குதித்துப் போவான். பேச்சில்லை, ஒரு தட்டுத்தான். அவன் வாழ்க்கையில் எத்தனை தட்டு விழுந்திருக்கும், முப்பதாயிரம்? விழாமல் போன ஒரு தட்டு மட்டும் இன்னும் தோளில் குறுகுறுக்கிறது. எண்பத்துநான்கில் ஆறு வயதில் அவன் இந்த நாட்டில் வந்து இறங்கினான், அடுக்குமாடிக்குப் பின்னால் இலவசப் பனித்தளம் இருக்கிறதென்று அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போய், யாரோ வீசிய, இரண்டு அளவு பெரிய சறுக்குச் சப்பாத்துக்குள் அப்பாவின் காலுறை மூன்றைத் திணித்து அவனைப் பனியில் விட்டாள். விழுந்தான். எழும்படா, ஆக்கள் பாக்கினம் என்றாள். அவளுக்கு அப்போது பதினைந்து. அப்பா உணவகத்தில் கோப்பை கழுவினார், அம்மா தையல் ஆலையில், ஆகவே விடியப்புறம் அவனை ஏற்றி இறக்கியது அக்காதான், பதினேழு வயதிலிருந்து, சூடு பிடிக்காத ஒரு மண்ணிறக் காரில், பார்வையாளர் படிக்கட்டில் போர்வைக்குள் இருந்து இரசாயனம் படித்துக்கொண்டு. இன்றைக்கும் அவளுக்கு இந்த ஆட்டத்தில் ஒரு விதியும் தெரியாது, தம்பி நிற்கிறானா விழுந்துவிட்டானா என்று மட்டும் பார்ப்பாள். அவன் விழாமல் ஓடக் கற்றுக்கொண்டான், எல்லாரையும் விட வேகமாக ஓடினான், டாக்சி ஓட்டப் போடா என்று எதிரணிப் பையன்கள் கத்தக் கத்த ஓடினான், பிறகு ஒன்பது வருடம் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் மூன்றாந்தர அணிகளுக்கு ஆடினான், வலது முழங்கால் பழைய கதவு மாதிரிக் கிறீச்சிடும்வரை. நடுவில், இருபத்துநான்கு வயதில், ஒரே ஒரு நாள், பெப்ரவரியில், மேல் லீக்கிலிருந்து கூப்பிட்டார்கள். யாருக்கோ காய்ச்சல். விமானத்தில் போனான். சட்டையின் முதுகில் அப்பாவின் பெயர், கனகசபாபதி, ஆங்கிலத்தில் ஒரு தோளிலிருந்து மற்றத் தோள்வரை வானவில் மாதிரி வளைந்து கிடந்தது, உடுப்புக்காரக் கிழவன் திட்டிக்கொண்டே தைத்தான், ஆறு 'ஏ' உனக்கு மட்டும் வேண்டுமா, மற்றவன் சட்டையிலிருந்து பிடுங்கித்தான் தைத்தேன் என்று. பெஞ்சில் கடைசி இடம். ஸ்டான் என்கிற அந்தப் பயிற்றுநர் அவனுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருந்தார். அவருடைய சப்பாத்து நிற்கும், இவன் முதுகு நிமிரும், சப்பாத்து நகரும். மூன்று பகுதியும் அப்படியே. அறுபது நிமிடம் முதுகாலே கேட்டுக்கொண்டிருந்தான். தட்டு விழவில்லை. வியர்க்காமல் உடுப்பைக் கழற்றினான்.

பனியில் கால் வைக்காதவனுக்குக் கணக்கில் ஆட்டம் இல்லை, அது விதி. புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே பூச்சியம்கூட இல்லை, பெயரே இல்லை. ஆனால் கமரா ஒருமுறை பெஞ்சைக் கடந்தபோது அந்த வானவில் பெயர் மூன்று நொடி தொலைக்காட்சியில் தெரிந்தது. அப்பா அதைக் கசெற்றில் பதிந்துவைத்து, வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். பிறகு ஸ்காபரோ மண்டபத்தில் பொன்னாடை. பனிமலையில் தமிழ்க்கொடி நாட்டிய எங்கள் தயாபரன் என்று அறிவிப்பாளர் தொண்டை கிழியக் கத்த, அவன் எழும்பிக் கும்பிட்டான். நான் ஆடவில்லை, உட்கார்ந்திருந்தேன் என்று ஒலிவாங்கியில் சொல்ல அவனுக்கு வாய் வந்ததா. வரவில்லை. இருபத்திரண்டு வருடமாக வரவில்லை. அப்பா அப்படியே நம்பிக்கொண்டு கண்ணை மூடினார். இப்படி ஒரு பொய்யைச் சட்டை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிகிறவனுக்கு ஐந்நூறு உண்மையான ஆட்டம் ஆடியவனைப் பார்த்தால் என்ன தோன்றும். சே, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம். ஸ்டான் வேண்டுமென்றே செய்தார், நான் போன் பேசிக்கொண்டிருந்தேன். ஸ்டான் மட்டும் வேண்டுமென்றா செய்தார்? அந்த மனிதருக்கு அன்றைக்கு அவன் இருந்ததே மறந்துபோயிருக்கலாம். மறந்துபோவதா வேண்டுமென்று செய்வதா, எது பெரிய குற்றம் என்று இருபத்திரண்டு வருடம் யோசித்தவன், இப்போது தன் முறைக்கு இரண்டில் சின்னதைத் தேடிப் பொறுக்குகிறான்.

"இஞ்ச நிக்கிறாய். உன்னைத் தேடி எத்தினை கதவு திறந்தனான் தெரியுமே. ஒரு கதவைத் திறந்தால் ஒருத்தன் உடுப்பில்லாமல் நிக்கிறான்." ரஞ்சி அக்கா. வெள்ளித்தாள் பொட்டலத்தைக் கர்ப்பிணிப் பூனையைத் தூக்குகிற மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அறுபதை நெருங்குகிற வயதிலும் காவலாளிகளைத் தாண்டி எந்தக் கதவுக்குள்ளும் புகுந்துவிடுவாள். "அக்கா, இப்ப இஞ்சாலை வரக்கூடாது." "நான் என்ன விளையாடவே வந்தனான். இறைச்சி ரோல்ஸ் தர வந்தனான். ஆறினால் பேந்து வாயில வைக்கேலாது." "இப்ப வேண்டாம்." "நீ வேண்டாமெண்டு சொல்லுவாய் எண்டுதான் நாலு மட்டும் கொண்டந்தனான். மிச்சத்தை அந்தக் கிழவருக்குக் குடுத்திட்டன்." "எந்தக் கிழவர்?" "அவன்ர தேப்பன், துடுப்பு வாங்கின பெடியன்ர. எனக்குப் பக்கத்துக் கதிரை. அவருக்கு இங்கிலீசு தெரியாது, எனக்குப் பிரெஞ்சு தெரியாது, நல்லாத்தான் கதைச்சுக்கொண்டிருக்கிறம். ரோல் சாப்பிட்டிட்டு மனுசனுக்குக் கண்ணால தண்ணி. உறைப்பிலயோ, மகனை நினைச்சோ, ஆருக்குத் தெரியும்." பொட்டலத்தைத் திறந்து மணந்து பார்த்து மூடினாள். "ஆனால் தம்பி, இப்ப அந்தாள் என்ர கையைப் பிடிச்சுப் பிடிச்சுக் கேக்குது. ரெண்டு விரலைக் காட்டுது, பேந்து நாலு விரலைக் காட்டுது. இருபத்துநாலு எங்கை எண்டு. நான் என்னத்தைச் சொல்ல? வயித்துக்குத்து எண்டு வயித்தைத் தொட்டுக் காட்டிப்போட்டன். பிழையே?" அவன் கதவுப் பக்கம் திரும்பினான். "பெடியனுக்கு என்ன உண்மையா?" "பேரில கோடு விழுந்திட்டுது." "ஆர் போட்டது?" ஆறு நிமிடம் ஐம்பது. குழாய் சொட்டியது. "ஒஃபிசில ஒரு மனுசி," என்றான். வாயிலிருந்து அது எவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது, தேங்காயெண்ணெய் பூசினது மாதிரி. "பிழையா அடிச்சுப்போட்டா." அக்கா அவனைப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று ஒரு கணம் நினைத்தான், அவள் கண்டுபிடிக்கவில்லை, அவள் எப்போது அவனைச் சந்தேகப்பட்டாள். "ஐயோ பாவம், அவளுக்கு எப்பிடி இருக்கும்," என்றாள் அக்கா. "வேணுமெண்டே செய்திருப்பாள்? நீ ஒண்டும் பேசிப்போடாதை அவளை. இப்ப எங்கை இருந்து அழுறாளோ." நான்கு ரோல்ஸையும் அவன் கையில் திணித்தாள். "நான் போய் அந்தாளுக்கு என்ன சொல்ல?" "வயித்துக்குத்தெண்டே இருக்கட்டும்." "சரி. ஆனால் ஐஞ்ஞூறுதானே? துடுப்பில போட்டிருக்குத்தானே? அதை அழிக்கேலாதுதானே?" "போ அக்கா." "போறன், போறன். என்னத்துக்கு மூஞ்சையை நீட்டுறாய்." போனாள். பனிச்சப்பாத்தில் சரக் சரக்கென்று சத்தம் வர, அந்தத் தேப்பனின் பக்கத்துக் கதிரைக்கு.

வெள்ளித்தாளின் மிச்சச் சூடு உள்ளங்கையில் ஏறியது. இதை வேறு எங்கே வைப்பது, ரோல்ஸும் கையுமாக உள்ளே போனால் கொண்டாட்டத்துக்கு வந்தவன் மாதிரி இருக்கும். தண்ணீர்ப் போத்தல் அடுக்கின் மேல் வைத்தான். ஐந்து நிமிடம். பேசாமல் அச்சுப்பிழை என்று சொல்லிவிட வேண்டியதுதான். ஏற்கெனவே ஒருமுறை சொல்லியாயிற்று, இரண்டாம் முறை இன்னும் சுகமாக வரும், டோரீன் சரி என்றுவிட்டாள், லுக்கும் சரி என்பான், துடுப்பு வீட்டுச் சுவரில் தொங்கும், அடுத்த வருடம் பக்கத்துக் கதிரையில் லுக் உட்கார்ந்து நூறு ஆட்டம் ஒன்றாகப் பார்ப்பான், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் இவன் பேனாவை எடுத்துக் கோடு போடுவதை அவன் பக்கத்திலிருந்து பார்ப்பான். அவன் வலது கையை விரித்துப் பார்த்தான். சே, இந்தக் கையை வெட்டி எறிந்துவிட்டு உள்ளே போகலாம் போல இருக்கிறது. கதவைத் தள்ளினான்.

ஈரத்தோலும் சுளுக்கெண்ணெயும் கலந்த வாடை முகத்தில் அடித்தது. பேச்சு நின்றது. லுக் தன் இடத்தில், முழு உடுப்போடு, தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தான். நெற்றி காய்ந்திருந்தது. இடப்பக்கத்தால் துளைக்கிறார்கள் என்று தொடங்க வாயைத் திறந்த தயாபரன், "லுக்கின் பெயரில் கோடு போட்டது நான்," என்றான். "டோரீன் என்று சொல்வார்கள். டோரீன் இல்லை. பீட்டர்சனுக்குப் போட வேண்டியதை அவனுக்குப் போட்டேன்." யாரோ போத்தலை மெதுவாகக் கீழே வைத்தார்கள். லுக் நிமிர்ந்து பார்க்கவில்லை. "தெரியும், கோச்," என்றான். "தெரியுமா?" "தாளின் பிரதியை ஒரு மணிக்கு இந்தச் சுவரில் ஒட்டுவார்களே. பார்த்தேன்." சுவரில் அது அங்கேதான் இருந்தது, நாடா ஒட்டி, எல்லாரும் கடந்து போகிற இடத்தில், கடைசி நாளில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத தாள். "பார்த்தாயா? ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்ததே. ஒரு சொல் சொல்லியிருந்தால் நான் திருத்தியிருப்பேனே." எரிச்சல் அவன் குரலில் ஏறிவிட்டது, கோபப்பட உரிமையில்லாத இடத்திலும் ஏறுகிற எரிச்சல். "கோச் போட்ட கோட்டை நான் எப்போதும் கேட்டதில்லை," என்றான் லுக். "பதினொரு வருடம். யாரும் கேட்பதில்லை. உங்களுக்கு ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்தேன். பிறகு துடுப்பைக் கொடுத்தீர்கள். அப்போது இது தவறுதலாக இருக்குமோ என்று நினைத்தேன். அப்பா வேறு வந்திருந்தார். யாரும் கவனிக்காவிட்டால் ஆடிவிடலாம் என்று உடுப்பைப் போட்டுக்கொண்டேன்." தலைக்கவசத்தைத் திருப்பினான். "காரணம் இருந்ததா?" போன், கண்ணாடி, கடுகெழுத்து, பச்சைப் பலகை என்று நான்கும் வரிசையில் வந்து நின்றன, ஒன்றும் நாக்கில் ஏறவில்லை. "கை தவறியது என்று நினைக்கிறேன்." "நினைக்கிறீர்கள்." "அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை." லுக் குனிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். "என் இடத்தில் இப்போது யார்?" "ஓவன்." "ஓவன், இங்கே வா."

ஓவன் வந்து அவன் முன்னால் ஒற்றை முழங்காலில் குந்தினான். அவர்களுடைய பதினோராம் இலக்கக்காரன்தான் இடப்பக்கத்தால் வருகிறான் என்றான் லுக், கயிற்றை ஒவ்வொரு துளையாக இழுத்துக்கொண்டே. "அவன் தோளைப் பார்க்காதே. தோள் பொய் சொல்லும், கண் பொய் சொல்லும். இடுப்பைப் பார். இடுப்பால் பொய் சொல்ல யாராலும் முடியாது. இடுப்பு எங்கே போகிறதோ அங்கே நீ முதலில் நில்." ஓவன் தலையாட்டினான். நான்கு மாதமாகத் தயாபரன் பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டு விளக்கியும் மண்டையில் ஏறாதவன், விளங்கிவிட்டது என்று தலையாட்டினான். சுற்றி இருந்த மற்றவர்களும் கழுத்தை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தது. தயாபரன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான். சப்பாத்தின் இரும்பு ரப்பர் விரிப்பில் உரச உரச ஒவ்வொருவராக அவனைக் கடந்து போனார்கள். சரியான யோசனை, எளிமையான யோசனை, தனக்குத் தோன்றாத யோசனை, இதை அடுத்த வருடம் பக்கத்துக் கதிரையிலிருந்து ஒவ்வொரு நாளும் சொல்லுவான் என்று நினைத்ததும் வாய்க்குள் அந்தக் கசப்பு ஊறியது. ஊறி, தொண்டையில் நிற்காமல் தோளுக்கு இறங்கியது, முழங்கைக்கு வந்தது, கதவுப் பிடியைச் சுற்றியிருந்த விரல்கள் மூட்டு வெளுக்க இறுகின. அவன் யாருடைய கையையோ பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தான். கடைசி ஆளும் போய்விட்டான். அறையில் லுக் மட்டும் காலுறையோடு உட்கார்ந்திருந்தான்.

"லுக்," என்றான்.

"என்ன?"

"காரணம் இருந்தது."

லுக் அவனை நேராகப் பார்த்தான். வெளியே நடுவர் விசில் ஊதினார்.

"சரி," என்றான் லுக். "இப்போது போங்கள். அவர்கள் காத்துக்கொண்டிருக்கிறார்கள்."